பதினாலாம் நம்பர் வீட்டுக்காரி

மருந்தடிக்கும் வேலையிலிருந்து உடனே நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு பெண்ணை, மேலும் பல மாதங்கள் முதுகில் பம்பைக் கட்டித் தேயிலைச் சரிவுக்கு அனுப்பிவைத்தவன் நான். அவளுக்குப் பதிலாக, ஒரு கேடும் இல்லாத இன்னொருத்தியை நிறுத்தினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதலில் தெரியாது. பிறகு தெரிந்துகொள்ள மறுத்தேன்.

அப்போது நான் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. ஆறாம் படிவம் வரை படித்தவன். நான் எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் தோட்ட மேனேஜர் துரை ஒரு புள்ளியையும் மாற்றமாட்டார். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்று நடந்த காலம் அது.

ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, ஆட்களின் விவரங்களை அதில் ஏற்றச் சொல்லித்தர ஈப்போவிலிருந்து ஒரு பெண் வந்தாள். வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“அங்கிள், ஆளுக்கு ஒரு நம்பர் குடுங்க. அது மாறவே கூடாது. ஒருத்தர் வேலைய விட்டுப் போனாலும் அத வேற யாருக்கும் குடுக்கக் கூடாது.”

“இது என்னா ஜெயிலாம்மா? எங்க ஆளுங்களுக்குப் பேர் இருக்கு.”

“ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா?”

“அப்பா பேர் இருக்கு. வீட்டு நம்பர் இருக்கு. எல்லாரையும் எனக்குத் தெரியும் லா.”

“ஒங்களுக்குத் தெரியும் அங்கிள். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. ஐசி கார்டு நம்பரையாவது போடுங்க.”

“பழைய ஆளுங்க சில பேருக்கு ஐசியே கெடையாது. நீ டைப் பண்ணு.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். மனிதரை எண்ணாக்க விடாத மகான் போல நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். மகானுக்கு அந்த மனிதரில் பாதிப் பேரின் முகம் நினைவில்லை. “ஏய், பாலத்து லைன்”, “ஏய், பல்லுக்காரி” என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். திருவிழாவை ஒட்டிப் பிறக்கும் பெண்ணுக்கு அம்மன் பெயர், ஆணுக்கு எல்லையில் நிற்கும் காவல் சாமியின் பெயர். ஆகவே காவல் சாமிக்கு மகளாக, அம்மன் பெயரோடு ஒரே தோட்டத்தில் பலர் இருப்பார்கள். மருந்தடிக்கும் கூட்டத்திலேயே அப்படி இருவர். பெயர் ஒன்று, அப்பா பெயரும் ஒன்று. ஒருத்தி மேட்டு லைன் குடியிருப்பில் பதினாலாம் நம்பர் வீடு, மற்றவள் பாலத்து லைனில் ஆறாம் நம்பர். இந்த வீட்டு எண்ணை நம்பித்தான் நான் மார்தட்டினேன்.

ஒரு மழையில் பாலத்து லைனுக்குப் பின்னால் மண் சரிந்தது. அங்கிருந்தவர்களை வேறு வீடுகளுக்கு மாற்றினோம். மேட்டு லைன்காரி அதற்கு முன்பே புதிய லைனுக்குப் போய்விட்டதால் அவளுடைய பதினாலாம் நம்பர் வீடு காலியாக இருந்தது. பாலத்துக்காரி அதில் குடியேறினாள். கம்ப்யூட்டரில் இருவர் வீட்டையும் நான் மாற்றியிருக்க வேண்டும். பாலத்துக்காரிக்கு மட்டும் மாற்றினேன். அதன்பின் ஒரே பெயர், ஒரே அப்பா, ஒரே வீட்டோடு இரண்டு பெண்கள் என் திரையில் வாழ்ந்தார்கள்.

மருந்தடிப்பவர்களுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர், ஆளின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதி ரத்தத்தை அனுப்பினார். பதினாலாம் நம்பர்காரி ரத்தத்தில் மருந்து ஏறியிருக்கிறது, உடனே நிறுத்தவும் என்று பதில் வந்தது. நான் தேடினேன். முதலில் வந்தது மேட்டு லைன்காரி, அவள் பெயரில் ஏற்றினேன். இன்னொன்று இருக்கிறதா என்று கீழே பார்க்கக்கூட இல்லை.

நிறுத்தப்பட்ட மேட்டு லைன்காரி ஆபீஸ் வாசலில் நின்று கத்தினாள். “என் ரத்தத்துல விஷமா? கல்லு மாதிரி இருக்கேன். கிராணிக்குத்தான் மண்டையில ஏறிடுச்சு!” வெளியே நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

சில வாரம் கழித்துப் பாலத்துக்காரி வந்தாள். மெதுவான குரல். “ஐயா, கை நடுங்குது. கண்ணு மங்குது. எனக்கு ரிசல்ட் ஒண்ணும் வரலீங்களா?” கைகளை மேசைக்கு மேலே நீட்டிக் காட்டினாள். விரல்கள் ஆடின. நான் திரையைப் பார்த்தேன். அந்தப் பெயரில் இருந்த ரிசல்ட் மேட்டு லைன்காரியுடையது என்று விட்டுவிட்டேன்.

“ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா. கம்ப்யூட்டர்லயே இருக்கு. வேலைக்குப் போ.”

படித்தவன் சொன்னான், போய்விட்டாள். பம்போடு சரிவில் விழுந்து அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான், டாக்டர் பழைய ரிசல்ட்டைக் கேட்க, நான் கீழே இருந்த இன்னொரு பெயரைப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ரிசல்ட்டை அவள் பெயருக்கு மாற்றினேன். வாயைத் திறக்கவில்லை. அவளைக் களை பிடுங்கும் வேலைக்கு மாற்றினார்கள். பிறகு அவள் தோட்டத்தை விட்டே போனாள்.

வேலையை விடுமுன் எல்லாருக்கும் எண் கொடுத்தேன். ஈப்போப் பெண் சொன்னபடியே, மாறாத எண், மறுபடி யாருக்கும் தராத எண். பிறகு துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “ரிட்டயர் ஆகப் போறீங்க கிராணி. பழசை ஏன் கெளர்றீங்க?” என்றார். தோட்டத்தின் பெயர் கெடாமல் இருந்தால் அவருக்குப் போதும். எனக்கும் பல வருடம் அதுவே போதுமாக இருந்ததால் அவரைத் திட்ட எனக்கு வாயில்லை.

பாலத்துக்காரி இப்போது ரிங்லெட்டில், பூத்தோட்டத்தில் வேலை செய்யும் மகனோடு இருக்கிறாள். தேடிப் போனேன்.

“ஒனக்கு வந்த ரிசல்ட்ட இன்னொருத்தி பேர்ல போட்டுட்டேம்மா.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“எம் பேர்காரிதான். ஒன் விஷத்த எங்கிட்டக் குடுத்துட்டான்டி அந்தக் கிராணின்னு நான் விழுந்தப்பவே சொல்லிட்டா.”

தோட்டம் முழுக்கத் தெரிந்த ஒன்றைத்தான் ஆபீஸில் பூட்டி வைத்திருந்தேன்.

“இப்ப எல்லாருக்கும் நம்பர் போட்டுட்டேன். இனிமே இப்பிடி நடக்காது.”

“நல்லதுதான். ஆனா அன்னிக்கு நானே வந்து நின்னேனே கிராணி. கைய நீட்டிக் காமிச்சேனே. அதுக்கு எதுக்கு நம்பரு?”

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த வாக்குமூலத்தை மகனிடம் கொடுத்தேன். தவறு என்னுடையது என்று கையெழுத்திட்டிருந்தேன். அவன் அதை வைத்து நஷ்டஈடு கேட்டிருக்கிறான். நடுக்கத்துக்கு வயதுதான் காரணம் என்று தோட்டத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அவன் விடவில்லை. கூப்பிட்டால் சாட்சி சொல்ல நான் இருக்கிறேன்.

அன்று மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். எனக்கு நிறைய ஊற்றியிருந்தது. மாமியாருக்குப் பாதி டம்ளர். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “குடிங்க, ஆறிடும்” என்றாள்.