லிண்டியில் ஒரு மஞ்சள் துணி

தாங்கா ஊரிலிருந்து புறப்பட்ட எங்கள் பாட்டுக் குழுவில் நான் வயலின். பாடுவது ஷெம்ஸா அக்கா. ஐம்பது வயது. சந்தையில் தேங்காய் கூவி விற்று வளர்ந்த குரல், அதைவிடப் பெரிய வீறாப்பு. கையெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குப் புகைதான். ஆனால் கண்ணாடி கைப்பையை விட்டு வெளியே வராது. மேடையில் போட்டால் கிழவி என்பார்களாம். கூட்டத்தில் பளிச்சென்று ஒரு நிறம் தெரிந்தால் அதையே பார்த்துப் பாடி முடித்துவிடுவாள். தாங்காவில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

லிண்டியில் யாருக்குத் தெரியும்? நாங்கள் அந்த ஊர் மண்ணை மிதித்ததே அன்றைக்குத்தான்.

எங்கள் பாட்டில் பாதி குத்தல். கேட்கிற பெண்ணுக்குத் தன் எதிரிக்குப் பொருந்துகிற அடி வந்துவிட்டால், ஆடிக்கொண்டே எழுந்து வந்து பாடகி கையில் ஒரு பண நோட்டை வைத்துவிட்டு எதிரியை ஒரு பார்வை பார்ப்பாள். ஊரே புரிந்துகொள்ளும். அதனால்தான் பாடுகிறவள் யாரையும் குறிவைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவளே குற்றம் சாட்டியதாகிவிடும்.

முதல் நாள் மாலை, கல்யாணப் பந்தல். ‘கூடப் பிறந்தவள் தட்டில் கை வைத்தவளே’ என்ற அடியை அக்கா நான்கு முறை பாடினாள். நான்கு முறையும் மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு மஞ்சள் துணியைப் பார்த்தே பாடினாள். அத்தனை தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. மஞ்சள் உடுத்திய பெண் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து போனாள். என் வில் தப்பான தந்தியில் விழுந்தது.

பாட்டு முடிந்ததும், எங்களை வரவழைத்த மவ்லிதி ஓடி வந்தார்.

“யாருய்யா உங்களுக்குச் சொன்னது?”

“என்னத்த?” என்றேன்.

“அந்த மஞ்சத் துணிப் பொண்ணு சிவேமா கதைய. அவளும் அவ அக்கா புருஷனும்னு இப்ப ஊரே பேசுது. காலையில வரைக்கும் அப்படி ஒரு பேச்சே கிடையாது! நாளைக்கும் இங்கதான் பாடணும், ஞாபகம் இருக்கட்டும்.”

அவர் போனதும் அக்கா என்னிடம் கேட்டாள். “நான் யாரடா பாத்தேன்?”

“மஞ்சத் துணி கட்டின பொண்ண.”

“ஐயோ, பந்தல்ல தொங்கவிட்ட வாழைக்குலைன்னுல்ல நெனச்சேன்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. கல்யாண வீட்டுச் சோற்றை அப்படியே தள்ளி வைத்தேன். யாரோ ஒரு பெண்ணின் மானத்தை ஒரு பாட்டுக்குள் வைத்துத் தின்றுவிட்டோமே என்று தோன்றியது.

“விடிஞ்சதும் பஸ்ஸ பிடிச்சு ஓடிடலாம்க்கா,” என்றேன்.

“நாம ஓடினா அது நெசம்னு ஆயிடும். நமக்கு பஸ் இருக்கு, அந்தப் பொண்ணு இங்கதானே குடித்தனம் நடத்தணும்?”

மறுநாள் மேடையேறியதும் அக்கா கைப்பையைத் திறந்தாள். தடித்த கண்ணாடியை எடுத்து அத்தனை பேருக்கு முன்னால் மாட்டிக்கொண்டாள்.

“தாய்மாரே, எனக்குக் கண்ணு தெரியாது. நேத்து ஒரு வாழைக்குலையப் பாத்துதான் பாடினேன். அது இந்த ஊருப் பொண்ணுன்னு அப்புறம்தான் சொன்னாங்க!”

பந்தல் குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மவ்லிதி நிம்மதியாக உட்கார்ந்தார். முன் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவேமாவின் அக்காள் என்று யாரோ சொன்னார்கள். வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்து வாத்தியங்களை உறையில் போடும்போது சிவேமா மேடைக்குப் பின்னால் வந்தாள். அன்று மஞ்சள் இல்லை. இருபது வயதிருக்கும். முகம் வீங்கியிருந்தது.

“நெசமாவே நீங்க என்னப் பாக்கலியா?”

“சத்தியமா இல்லடி கண்ணு. உன்னப் பத்தி எனக்கு என்ன தெரியும்? போ, உங்கக்கா முன்னாடி தலை நிமிந்து நில்லு.”

சிவேமா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உங்களுக்கே தெரிஞ்சிருச்சுன்னா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நேத்து வீட்டுக்குப் போனதுமே எங்கக்கா கால்ல விழுந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்.”

ஷெம்ஸா அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தாள்.