கிட்டாருக்குள் ஒரு வண்டு

தஞ்சாவூரில் எலெக்ட்ரிக் கிட்டார் ரிப்பேர் செய்து பிழைக்க வேண்டுமென்றால் முதலில் டேப் ரெக்கார்டர், மிக்ஸி, சாமி படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் லைட் எல்லாம் ரிப்பேர் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்; கிட்டார் அதற்கப்புறம்தான்.

கீழவாசலில் என் கடை. ஊரெல்லாம் கேபிள் டிவி வந்து, தெருவுக்கு நாலு பேர் வெளிநாடு போய், ஞாயிற்றுக்கிழமையானால் எஸ்.டி.டி. பூத் வாசலில் கூட்டம் நின்ற காலம். சிங்கப்பூரிலிருந்து வரும் சூட்கேஸில் தைல பாட்டிலுக்கும் எமர்ஜென்ஸி லைட்டுக்கும் நடுவே சில சமயம் கிட்டார் சாமான்களும் வந்து இறங்கின. கெட்டுப்போனால் என்னை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. இது என் திறமையால் வந்த பெருமை இல்லை, ஆள் இல்லாத ஊரில் கிடைத்த பதவி.

கிட்டார் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரிங்குக்கு அடியில் சின்ன சோப்புக்கட்டி அளவில் ஒன்று பதித்திருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. ஸ்ட்ரிங் அதிர்வதைக் கரண்டாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். பெயர் பிக்கப். சத்தம் சரியில்லையென்றால் பிக்கப்பை மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதைப் போட வேண்டும் என்பது ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். கடை வைத்து உட்கார்ந்து, வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக் கழுத்து வலித்தவரா நீங்கள்? அப்படியானால் வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

கெடு

கலியமூர்த்தி மெல்லிசைக் குழு நடத்துபவர். அதில் பாடகர் அவரே, அறிவிப்பாளர் அவரே, வேனில் முன் சீட்டும் அவருக்கே. ஒருநாள் தன் கிட்டார்காரர் லூர்துசாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். லூர்துசாமி பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டியில் வேலை பார்த்தார். ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலில் வாசிப்பார், முகூர்த்த நாளில் கலியமூர்த்திக்கு வாசிப்பார். என் கடை சின்னது, அதில் அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் நிற்கத் தெரிந்த ஒரே மனிதர்.

வியாதி இதுதான். கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் டியூப் லைட், மேடையைச் சுற்றி சீரியல் செட், பின்னால் ஜெனரேட்டர். லூர்துசாமியின் கிட்டாரிலிருந்த பழைய பிக்கப் இவ்வளவையும் இழுத்துக்கொண்டு, அவர் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் 'ம்ம்ம்' என்று வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். கலியமூர்த்தி அப்போதுதான் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கியிருந்தார். ஒரு பட்டனைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் கிட்டார். புல்லாங்குழல்காரரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

லூர்துசாமிக்கு அது தெரியும். மண்டியில் அவரை 'யோவ்' என்பார்கள், 'இந்தாப்பா' என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேடையில் மட்டும் கலியமூர்த்தி மைக்கைப் பிடித்து, "கிட்டார், நமது லூர்து" என்பார். அந்த மனிதர் அதற்காகத்தான் பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார் என்று நான் சத்தியம் பண்ணுவேன். கலியமூர்த்திக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. என்னிடம் கிட்டாரை நீட்டி அவர் சொன்னது: "வைகாசி முகூர்த்தத்துக்குள்ள இந்த வண்டு போவணும். இல்லாட்டி வண்டோட சேத்து ஆளும் போவணும்."

ஊக்குப் பரீட்சை

சென்னையிலிருந்து நாலைந்து பிக்கப் வரவழைத்து லூர்துசாமி முன்னால் பரப்பினேன். எதை எப்படிக் கேட்டுப் பார்த்து எடுப்பது என்று நான் பிரசங்கம் ஆரம்பிப்பதற்குள் அவர் சட்டையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினார். என் மேஜை டிராயரிலிருந்து மேலும் சில ஊக்குகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பிக்கப்பின் தலையிலும் ஊக்கு மேல் ஊக்காகத் தொங்கவிட்டுப் பார்த்து, மாலை மாதிரி நீளமாகத் தூக்கியதை எடுத்து, "இது நல்ல ஜாதி" என்றார்.

"காந்தம் ரொம்ப பலமா இருந்தா ஸ்ட்ரிங்கையே புடிச்சு இழுக்கும்ங்க. சுருதி நிக்காது" என்றேன். கேட்டால்தானே. நானும் விட்டுக்கொடுத்தேன். வருகிறவர் விருப்பப்படி கெடுத்துக் கொடுப்பதும் நம் தொழில்தானே. பழைய பிக்கப்புக்குப் பக்கத்தில், ஸ்ட்ரிங் போய் முடிகிற பிரிட்ஜ் ஓரமாக இருந்த இன்னொரு குழியில் அதை உட்கார வைத்தேன்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். மேல் கட்டையில் வாசித்தால் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்து 'வவ்வவ்' என்று ஆடுகிறதாம். கலியமூர்த்தி பாட்டை நிறுத்திவிட்டு முறைத்தாராம். லூர்துசாமி என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கிட்டாரை மேஜையில் வைத்துவிட்டுச் சாந்தமாகச் சொன்னார்: "வண்டு அப்படியே இருக்குண்ணே. இப்ப கூடவே தவளையும் கத்துது."

வேறொரு தேவை

லூர்துசாமிக்கு வேண்டியது இரட்டைக் காயில் பிக்கப், அதாவது செம்புக் கம்பிச் சுற்று இரண்டு உள்ளது. இரண்டு காயிலையும் எதிரெதிராக வைத்திருப்பார்கள். டியூப் லைட்டின் இரைச்சல் இரண்டிலும் புகுந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு செத்துவிடும், பாட்டு மட்டும் தப்பித்து வெளியே வரும். நல்லதாக ஒன்று சென்னையில் எனக்குக் கிடைக்கவில்லை. வந்ததெல்லாம் வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை. வைகாசி நெருங்கிக்கொண்டிருந்தது. லூர்துசாமி மண்டியில் அரைநாள் லீவு கிடைத்தால் என் கடையில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் முகம்.

அப்படி ஒருநாள் அவர் இருக்கும்போது தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து சாமுவேல் ஐயா வந்தார். லுத்தரன் சபையில் பாடகர் குழுவை நடத்துபவர், வெள்ளை வேட்டி, கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்க்கும் பழக்கம். சபைக் கிட்டாருக்குப் பிக்கப் மாற்ற வேண்டும் என்றார். பழையதில் என்ன குறை என்று கேட்டேன். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறதாம். பயல்கள் ஆராதனை முடிந்ததும் வேறு எதையோ வாசிக்கிறார்களாம், அதுவும் நன்றாகவே கேட்கிறதாம். லூர்துசாமி தன் துக்கத்தையும் மறந்து நிமிர்ந்து பார்த்தார். ஐயா என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சினிமாப் பாட்டு வராத பிக்கப்பா ஒண்ணு குடுங்க தம்பி."

போர்செட் சாமான்

நீடாமங்கலத்து நடராஜன் சார் ரிட்டையர்டு வாத்தியார். ஒரு காலத்தில் வாய்க்காலுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் எல்லாம் அவர்கள் குடும்பத்து நிலம், இப்போது மிஞ்சியது கொஞ்சமும் குத்தகையில். ஒரே மகன் கணேஷ் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. மகன் கல்யாணத்துக்காக வீட்டை வெள்ளையடிக்கும்போது பரணில் ஒரு சின்னப் பெட்டி அகப்பட்டதாம். போன லீவில் அவன் விட்டுப்போனது. உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் கொண்டுவந்து, "போர்செட்டு மோட்டாருக்கு ஆவுமா பாருங்க" என்றார்.

திறந்தேன். அசல் இரட்டைக் காயில் பிக்கப். பெட்டியோடு, பிரிக்காதது. லூர்துசாமி பக்கத்து ஸ்டூலில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். "சார், இது கிட்டார்ல போடுறது" என்றேன். "இருக்கட்டும், எத்தனை ஹெச்.பி.?" என்றார். அதற்கு ஹெச்.பி. எல்லாம் கிடையாது என்றதும் அவருக்கு அதன்மேலிருந்த மரியாதை பாதி இறங்கிவிட்டது. நான் லூர்துசாமியின் கதையைச் சொன்னேன். ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி கலியமூர்த்தி குழுதான் என்று சார் சொன்னதும் லூர்துசாமிக்கு வேர்த்துவிட்டது.

சார் எதிர் பூத்துக்குப் போய் மகனுக்கு போன் போட்டுவிட்டு வந்தார். மகன் அங்கே வேறு வாங்கிவிட்டானாம், வாசிக்கிறவருக்கே கொடுத்துவிடச் சொன்னானாம். லூர்துசாமி எழுந்து நின்று கும்பிட்டார். சார் பெட்டியை அவர் கையில் வைத்தார், ஆனால் உடனே விடவில்லை. "கொண்டு போங்க. ஆனா அவன் ரிசப்ஷன்ல இது நல்லா கேக்கணும். லீவுக்கு வர்றான், கதவைச் சாத்திக்கிட்டு காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு வாசிக்கிறான், போயிடுறான். என்ன வாசிக்கிறான்னு எனக்கும் அவங்க அம்மாவுக்கும் இன்னிவரைக்கும் தெரியாது."

உளி

இரட்டைக் காயில் அகலம் அதிகம், பழைய குழியில் உட்காராது. கிட்டாரை உளி வைத்துச் செதுக்க வேண்டும். தச்சரிடம் கொடுக்கலாம் என்றேன், லூர்துசாமி சம்மதிக்கவில்லை. என்மேல் நம்பிக்கையா என்றால் அதுவும் இல்லை. யார் செதுக்கினாலும் தான் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் உளியை எடுத்ததும் அவர் ஜெபமாலையை எடுத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அருள்நிறை மரியே.

பாழாய்ப்போன ஊக்குப் பிக்கப்பைப் பிடுங்கிவிட்டு அமெரிக்கக் காயிலைப் பிரிட்ஜ் பக்கம் இறக்கினேன். கழுத்துப் பக்கத்துப் பழைய வண்டையும் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். அது தன் முதல் கச்சேரியிலிருந்து கூட வருவது, கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார். இரண்டையும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்தேன். கீழே தள்ளினால் வண்டு, மேலே தள்ளினால் அமெரிக்கா. மேலே தள்ளி, கடையில் இருந்த டியூப் லைட்டை எல்லாம் போட்டுவிட்டுக் கேட்டோம். ஒரு சத்தம் இல்லை. ஒரு ஸ்ட்ரிங்கைத் தட்டினார், மணி மாதிரி நின்றது. எனக்கே கண் கலங்கிவிட்டது, மரத்தூள் என்று சமாளித்தேன். லூர்துசாமி ஜெபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நான் இத்தனை வேண்டல அண்ணே."

செத்த லைன்

வைகாசியில் ரிசப்ஷன். மண்டபம் முழுக்க சீரியல் செட். நானும் போயிருந்தேன், நடராஜன் சார் பத்திரிகை வைத்திருந்தார். கலியமூர்த்தி குழுவினரை அறிமுகப்படுத்தினார்: கீபோர்டு, தபேலா, டிரம்ஸ். லூர்துசாமி பேரைச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டார். லூர்துசாமி தலையைக் குனிந்து ஏற்கெனவே சரியாயிருந்த சுருதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு. இடையில் கிட்டாருக்கென்றே ஒரு பிட். லூர்துசாமி உடம்பெல்லாம் ஆட வாசிக்கிறார், ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. கலியமூர்த்தி பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார், பிறகு கீபோர்டுக்காரருக்குக் கண் காட்டினார். கீபோர்டு கிட்டார் வாசித்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நடராஜன் சார் கழுத்தை நீட்டி மேடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துசாமியின் விரல் மட்டும் நிற்கவில்லை. என் சால்டரிங் விட்டுப்போய்விட்டது, மனிதர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மைக்செட் பக்கிரிசாமியிடம் ஓடினேன். மிக்சருக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லூர்துசாமியின் ஒயர் அவர் காலடியில் சுருட்டிக் கிடந்தது. "ஏன்யா புடுங்கின?" என்றேன். பக்கிரிசாமி நிதானமாகத் துப்பிவிட்டு வந்தார். இத்தனை வருஷமாக அந்த ஒயரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று வருமாம். வந்தால் லைன் இருக்கிறது என்று அர்த்தம், வால்யூமை ஏற்றுவாராம். இன்று செருகினார், ஒன்றும் வரவில்லை, கிட்டார் கெட்டுவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டு திரும்பச் செருகினேன். அதற்குள் பாட்டு முடிந்து லூர்துசாமி கையை எடுத்துவிட்டிருந்தார், ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. பக்கிரிசாமி மறுபடி ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினார்: "பாத்தீங்களா? மூச்சே இல்ல. செத்ததை எதுக்குங்க கட்டிக்கிட்டு அழுவணும்?"

சுவிட்ச்

மேடையிலிருந்து லூர்துசாமி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரும் கையுமாக நாங்கள் மல்லுக்கட்டியதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சுவிட்சைக் கீழே தள்ளினார். மண்டபம் முழுக்க 'ம்ம்ம்' என்றது. பக்கிரிசாமியின் முகம் மலர்ந்தது. "வந்துட்டாரு" என்று வால்யூமை ஏற்றினார். அடுத்த பாட்டு தொடங்கும்போது லூர்துசாமி சுவிட்சை மேலே தள்ளினார். வண்டு செத்தது. கீபோர்டுக்காரர் பட்டனைத் தேடுவதற்குள் கிட்டார் பிட்டை அவர் எடுத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தை நான் என்னவென்று சொல்ல. பந்தியிலிருந்து ஆட்கள் எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார்கள். யாரோ மொய்க் கவரை நீட்டிக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை கணேஷ் அதை வாங்காமல் கிட்டார் பக்கம் திரும்பிவிட்டான். நடராஜன் சார் மனைவியின் காதில் ஏதோ சொன்னார், அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கச்சேரி முடிந்ததும் கலியமூர்த்தி மைக்கைப் பிடித்து, யாரும் கேட்காமலே, "கிட்டார், நமது லூர்து" என்றார். லூர்துசாமி தலையைத் தூக்கவே இல்லை, கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்தக் குழுவில் அது ஒரு முறையாகிவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் லூர்துசாமி வண்டை விடுவார், பக்கிரிசாமி தலையாட்டுவார், லூர்துசாமி சுவிட்சை மேலே தள்ளுவார். பிறகு ஒருமுறை ஒரு கல்யாணத்தில் அவர் ஞாபகப் பிசகாக சுவிட்சை மேலேயே விட்டுவிட்டார். மேடையில் ஒரே அமைதி. தொண்டையைச் செருமிக்கொண்டு பாட வாயைத் திறந்த கலியமூர்த்தி, மைக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் திரும்பினார்: "யோவ் லூர்து, எங்கய்யா உன் வண்டு? அது வந்தாத்தான்யா எனக்குப் பாட்டு வருது."

இரைச்சலை ஒழிப்பதற்கென்று கடை திறந்த நான், அந்த இரைச்சலுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்ததுதான் என் தொழில் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.