கலருக்கு எடுக்காத மஞ்சள்

புதுத் துணியின் கஞ்சி வாடை, கூடவே பாச்சை உருண்டை வாடை... செஞ்சி பஜாரில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் முகத்தில் மோதுவது அதுதான். பட்டன் போன் காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. புடவை செக்‌ஷன்.

கெட்டிக்காரி என்று எனக்குப் பெயர். வருகிறவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், எந்த அடுக்கில் எடுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். சிவப்பாக இருந்தால் ராமர் பச்சை, மயில்கழுத்து, எது வேண்டுமானாலும். மாநிறம் என்றால் பார்டர் மட்டும் அழுத்தமாக இருக்கலாம். கருப்பு என்றால் சந்தனம், வெங்காயத்தோல், அதற்கு மேல் போகக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். வருகிறவர்களும் "இவ கலருக்கு எது எடுக்கும்?" என்றுதான் வாயைத் திறப்பார்கள்.

நானும் கருப்புதான். அதனால் என் பேச்சுக்கு மரியாதை அதிகம்.

ஒரு நாள் பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து ரோஸ்லின் என்ற பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு வாரம் வாசித்தாகிவிட்டது, இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. தாலி கட்டும்போது உடுத்தும் புடவையை மாப்பிள்ளை வீட்டில் எடுத்துவிட்டார்கள். சாயந்திரம் ரிசப்ஷன் புடவை மட்டும் ரோஸ்லின் இஷ்டம் என்று அவள் நைனா சொல்லி அனுப்பியிருந்தார். தனக்கென்று அவளே பார்த்து எடுக்கும் முதல் புடவை.

அவள் உட்காரக்கூட இல்லை. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட சில்க் காட்டன், கடையில் ஒரே பீஸ்... நேராகப் போய் அதன் மேல் கை வைத்தாள்.

அம்மா என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா, இவ கலருக்கு இது எடுக்குமா?"

"வேணாம்மா. போட்டோல மூஞ்சி இன்னும் கருத்துத் தெரியும்."

"எனக்குப் புடிச்சிருக்குதுக்கா" என்றாள் ரோஸ்லின்.

"நானும் உன் கலர்தான் பாப்பா. சொன்னா கேளு."

அதோடு முடிந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். வெங்காயத்தோல் கலரில் ஒன்றுக்குப் பில் போட்டு, ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

மஞ்சளை நான் மடித்து வைப்பதற்குள், கோட்டை ஏறி இறங்கிய களைப்போடு பாண்டிச்சேரி காலேஜ் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி தமிழ்ப் பெண். இன்னொருத்தி நைஜீரியா. ரோஸ்லினைவிட, என்னைவிட நல்ல கருப்பு. இடுப்பு வரைக்கும் சின்னச் சின்னப் பின்னல், நுனியில் பித்தளை மணி. பழக்க தோஷத்தில் என் கை சந்தன அடுக்குக்குப் போனது. அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு மஞ்சளைக் காட்டினாள்.

கண்ணாடி முன்னால் அவள் நிற்கவே இல்லை. புடவையை வெளிச்சத்துக்கு, வாசலுக்குக் கொண்டுபோனாள். ஜீன்ஸ் மேலேயே இடுப்பில் சுற்றி, மீதியைத் தோளில் போட்டாள். பிறகு லுங்கி அடுக்கிலிருந்து சிவப்புக் கட்டம் ஒன்றை உருவி, நாலே சுற்றில் தலையில் கட்டிவிட்டாள். லுங்கி... நம் ஊரில் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார விடுவார்களா?

"அவங்க ஊர்ல கல்யாணத்துக்கே இந்தக் கட்டம் போட்ட துணியத்தான் கட்டுவாங்களாம். அந்தக் காலத்துலருந்து நம்ம பக்கத்துலருந்துதான் கப்பல்ல போவுதாம்" என்றாள் கூட வந்தவள்.

வெயில் நேராக நைஜீரியாப் பெண் மேல் விழுந்தது. சிவப்பான பெண்கள் எத்தனையோ பேர் தோளில் அந்த மஞ்சளைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒருத்தர் மேலும் அது இப்படி நின்றதில்லை. எதிர் டீக்கடையே இந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தவிர அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

ரோஸ்லினும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவங்க என்னவிடக் கருப்புதான?"

"அவங்க ஊரு வேற பாப்பா" என்றேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நைஜீரியாப் பெண் புடவையை விட்டுக்கொடுத்திருப்பாள் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. கல்யாணப் பெண் என்று சொன்னால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? நான் கேட்கவில்லை. கேட்டால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். புடவையையும் லுங்கியையும் கவரில் போட்டு அவளிடமே கொடுத்தேன்.

"இன்னா அங்க பேச்சு, பஸ் போயிடும்" என்று அம்மா கூப்பிட, ரோஸ்லின் போய்விட்டாள்.

இப்போது போனைத் திறந்தால் அவர்கள்தான். கோபுரம் மாதிரி தலைக்கட்டோடு நைஜீரியா லாகோஸ் நகரத்துக் கல்யாணப் பெண்கள், ஆரஞ்சு, ஊதா, கண்ணைப் பறிக்கும் பச்சை... வெளிநாட்டு ஃபேஷன் மேடைகளில் அவர்கள் நடை, அவர்கள் நகை. செஞ்சி பார்லரிலேயே அந்தச் சின்னப் பின்னல் போட போர்டு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இன்றைக்கு உலகத்துக்குக் கலர் கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இன்றைக்கும் எனக்குப் புடவை விற்கிற வேலைதான். போன மாதம் ஒரு கருப்புப் பெண் போனில் அப்படி ஒரு படத்தைக் காட்டி, இதே கலர் வேண்டும் என்றாள். கூட வந்த அம்மா வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். "கட்டப் போறது அவதானம்மா" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போட்டேன். இந்த வேலையில் இப்போது எனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. நல்லதுதான்.

ரோஸ்லினுக்கு இப்போது பெரிய பிள்ளைகள் இருக்கும். பிறகு எத்தனையோ மஞ்சள் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை வேண்டாம் என்று சொன்னவள் நான்.