கதவைப் பார்த்த கதிரை

கதவுக்கு நேரே உள்ள கதிரையில் வேறு யாராவது இருந்துவிட்டால், எமில்டா அக்கா வகுப்புத் தொடங்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். எழும்பச் சொல்லிக் கேட்கமாட்டார். பையைத் தோளிலிருந்து இறக்காமல் பக்கத்தில் நிற்பார். இருப்பவர்தான் கூச்சப்பட்டு எழும்பிவிடுவார். "தாங்ஸ் பிள்ளை. உதில இருந்தால்தான் எனக்கு மண்டைக்குள்ள ஏறும்" என்பார். படிப்பு ஏறுவதற்கும் கதிரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருக்கிறது. வெளியில் யார் வந்து நின்றாலும் அவருக்குத் தெரியவேண்டும்.

ஸ்காபரோவில் எங்கள் கல்லூரியில், இரண்டு வருடம் கலைப் பாடங்கள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகிற பிரிவு ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் புள்ளி போதாமல் போன என்னைப் போன்றவர்களே அதில் அதிகம். எங்களுக்கு நடுவில் நாற்பதை நெருங்கும் எமில்டா அக்கா. விடியுமுன் மில்லிக்கனில் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்துவிட்டு, தலைமயிரில் மா ஒட்டியபடி வந்து சேருவார். மன்னாரில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்து, போரில் பாதை பூட்டியதால் போகமுடியாமல் போனவர். டோர்செட் பார்க்கில் அவருடைய மாடிக் கட்டடத்தில் எல்லாரும் ஒரே புத்திமதிதான் சொன்னார்களாம்: வயதானவர்களைப் பராமரிக்கிற கோர்ஸைச் செய், உடனே வேலை. "வேலை என்னட்ட இருக்குதுதானே. படிப்புத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பாடம் தெரிவுசெய்யும்போது அவர் கேட்பது ஒன்றுதான்: "உந்தப் பாடத்தை யூனிவேர்சிற்றி எடுக்குமோ?" திரைப்படம் பற்றிய பாடத்தில் ஆசையாகச் சேர்ந்தார். பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுக்காது என்று ஆலோசகர் சொன்னதும் அன்றைக்கே விட்டுவிட்டார். உளவியல் எடுத்தார், சமூகவியல் எடுத்தார். கணிதம் அல்லது தர்க்கவியல், இரண்டில் ஒன்று கட்டாயம் என்றார்கள். கணக்குக்குப் பயந்து தர்க்கத்துக்கு வந்தார். வரும் செப்டெம்பரில் சமூகவியல் படிக்கப் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் தந்திருந்தது, எல்லாப் பாடத்திலும் 'பி' எடுத்தால். தர்க்கம் மட்டும் 'சி'யில் நின்றது.

அதற்குக் காரணம் அவர் விடாமல் செய்த ஒரு பிழை. விரிவுரையாளர் பலகையில் எழுதினார்: பனி கொட்டினால் பஸ் பிந்தும். பஸ் பிந்திவிட்டது. ஆகவே பனி கொட்டியிருக்கிறது. இது சரியான முடிவா? எமில்டா அக்கா ஒவ்வொரு சோதனையிலும் 'சரி' என்றே எழுதினார்.

"பிழை அக்கா. பஸ் வேற எதுக்கும் பிந்தலாம்தானே" என்றாள் மெலிசா. எங்கள் வகுப்புத்தான், இங்கேயே பிறந்தவள்.

"வேற எதுக்குப் பிந்தும்?"

"டிறைவர் கோப்பிக்கு நிண்டிருப்பார்."

"நாங்கள் குளிருக்குள்ள விறைக்க அவர் கோப்பி குடிப்பாரோ? அந்தாளை முதல்ல வேலையால நிப்பாட்ட வேணும்."

"டிறைவரை விடுங்கோ அக்கா. உங்கட மார்க்ஸைப் பாருங்கோ."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தார்.

அவருடைய தம்பி பேனாட் அடம்பனிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் சண்டைக்கு நடுவே புதுமாத்தளனில் நின்றான். பங்குனி மாதம் ஒரு கத்தோலிக்கச் சுவாமியின் ஃபோனில் பேசியதுதான் கடைசி. ஏப்ரலில் எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் தெருவில் நின்றபோது, பேக்கரிக்கும் வகுப்புக்கும் இடையில் அவர் அங்கேயும் போய்வந்தார். குரல் கட்டிப்போய் வகுப்பில் இருப்பார். ஆனால் எங்கள் எல்லாரையும்போல அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திரியவில்லை. அது பைக்குள் எங்கேயோ கிடக்கும்.

"ஃபோனில கெட்டதைச் சொல்ல மாட்டினம் தம்பி" என்றார் ஒருநாள். "தனிய இருக்கிற நேரம் விழுந்துபோவம் எண்டு பயம். நேர வருவினம்."

அவருடைய மாடியில் இருக்கும் அருள்மலர் அன்ரி வீட்டுக்குச் சாவுச் செய்தியோடு அப்படித்தான் வந்தார்களாம், ஒரு வேலைநாள் மத்தியானம். அதே லிஃப்டில் எமில்டா அக்காவும் நின்றிருக்கிறார். "ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கேல்லை. எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கினம். அப்பவே எனக்கு விளங்கீட்டுது."

தனக்குச் சொல்ல யார் வருவார் என்பதும் அவருக்குத் தெரியும். கணவரின் தமையன் அருள்நாயகம், குடும்பத்தில் மூத்தவர். பிக்கரிங்கிலிருந்து காலை ரயிலில் டவுன்ரவுனுக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர். ஒரு சனிக்கிழமை நூலகத்திலிருந்து அக்காவை ஏற்றிப்போக வந்தபோது நானும் கண்டேன். உயரமான மனிதர், சத்தமாகப் பகிடி விடுவார். "நல்ல மனிசன். ஆனால் வேலைநாளில அண்ணையைக் காணக்கூடாது" என்றார் அக்கா.

ஏப்ரல் பிற்பகுதியில் தர்க்கப் பரீட்சை வந்தது. அந்தக் கிழமை புதுமாத்தளனுக்குள் இராணுவம் புகுந்திருந்தது. யார் வெளியே வந்தார்கள், யார் உள்ளே நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. விரிவுரையாளர் செய்தி பார்க்கிறவர். வேண்டுமென்றால் பரீட்சையை மே மாதம் எழுதலாம் என்று அவராகவே சொன்னார். எமில்டா அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். "மேயில எனக்கு மூளை இருக்குமோ ஆருக்குத் தெரியும்" என்றார் எங்களிடம். "இண்டைக்கு இருக்கு. இண்டைக்கே எழுதிறன்." அறை எண்ணைக் கணவருக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தார். எழுதும்போது வெளியே போனால் திரும்ப உள்ளே வரமுடியாது.

கதவுக்கு நேரே அதே கதிரை. நான் பக்கத்து மேசை. பாதி நேரம் போயிருக்கும். அவருடைய பேனா நின்றது.

கண்ணாடியில் அருள்நாயகம் அண்ணை. புதன்கிழமை. வேலைக்குப் போகிற கோட்டு, கழுத்தில் கந்தோர் அடையாள அட்டை. கதவைத் தட்டவில்லை. உள்ளே தேடினார். அக்காவைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தார்.

விரிவுரையாளரும் கண்டுவிட்டார். பாதி எழும்பி, போகிறீர்களா என்பதுபோல அக்காவைப் பார்த்தார்.

"டிறைவர் கோப்பிக்கு நிண்டிருப்பார்" என்றார் எமில்டா அக்கா. எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

பிறகு எழும்பி, சத்தம் வராமல் கதிரையை இரண்டு கையாலும் தூக்கி, மேசையின் மற்றப் பக்கத்தில் வைத்தார். கதவுக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டு, அடுத்த கேள்விக்கு விடை எழுதத் தொடங்கினார்.