ஏழாம் அத்தியாயத்தில் வரும் அக்கா

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, என் ஒரே மகள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அதற்குக் காரணமானவன் என் உடன்பிறந்த தம்பி. அவளிடம் அவன் கோள் மூட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவன் ஓர் அத்தியாயம் எழுதினான். என்னை வைத்து எழுதினான். அதை வேறொருவர் பெயரும் படமும் போட்ட அட்டைக்குள் வைத்து ஊருக்கெல்லாம் விற்க விட்டான். ஒரு பிரதி என் மகள் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதுதான் குற்றச்சாட்டு. இனி, குற்றம் சாட்டப்பட்டவனைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பிக்கு நாற்பத்தாறு வயது. என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள அறையில் ஆறு வருடமாக இருக்கிறான். பத்திரிகை வேலை போய், மனைவியும் விட்டுப் போன பிறகு, இரண்டு துணிப்பைகளோடும் ஒரு மடிக்கணினியோடும் வந்து நின்றான். "ஒரு வாரம்தான்க்கா" என்றான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தட்டச்சு, கணினி, மனு எழுதுவது எல்லாம் கடையில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டவை. அவன் பெரிய படிப்புப் படித்தவன். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனைப் 'புலவர்' என்றுதான் கூப்பிடுவோம். அப்போது பெருமையாகக் கூப்பிட்டோம்.

வாழ்க்கையில் வெல்வது எப்படி என்று மேடை மேடையாகப் பேசும் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். காதோரம் மைக், வெள்ளைச் செருப்பு, எப்போதும் சிரித்த முகம். அவர் காரில் போகும்போது வாய்க்கு வந்ததைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். தம்பி அதைப் புத்தகமாக்குவான். பயிற்சியாளர் "இந்த இடத்துல ஒரு சம்பவம் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டால், சம்பவம் எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டிலிருந்துதான் வரும்.

விடியலில் எழுவதன் மகிமையைப் பற்றி எழுதியபோது அவன் ஒருநாளும் உச்சிவெயிலுக்கு முன் எழுந்ததில்லை. பயத்தை வெல்வது பற்றி எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், வாசலில் அழைப்புமணி அடித்தாலே குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வான். போன் மணி கேட்டால் கை நடுங்கும். "இல்லைன்னு சொல்லுக்கா" என்று உதட்டை மட்டும் அசைப்பான். அவனுக்காகப் பதிப்பகத்திடமும் வங்கியிடமும் அவனுடைய முன்னாள் மனைவியிடமும் ஆறு வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறேன். அந்த நடுக்கம் நடிப்பு அன்று, நோய். நோயாளியை நான் குற்றம் சாட்டவில்லை. அந்த நடுக்கத்தோடு உட்கார்ந்து, "முதல் மணியிலேயே போனை எடுங்கள், உலகம் உங்களை அழைக்கிறது" என்று தட்டச்சு செய்த விரல்களைக் குற்றம் சாட்டுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவன் மாடிப்படியில் மயங்கி விழுந்தான். மருத்துவமனையில் சேர்த்தேன்; வெளியூரில் இருந்த மகள் பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. பணியில் இருந்த டாக்டர் ஓர் ஊசி எழுதினார். அதே மருந்துதான் முன்பு ஒருமுறை அவன் முகமும் தொண்டையும் வீங்கக் காரணமாக இருந்தது. அப்போது அதைக் குறித்துக் கொடுத்த மருத்துவச் சீட்டை நீல நிறக் கோப்பில் வைத்திருந்தேன். விரித்துக் காட்டினேன். டாக்டர் ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, "நல்ல வேளை" என்றார். அவன் வீடு திரும்பும்வரை அந்தக் கோப்பை நான் மடியிலிருந்து இறக்கவில்லை.

ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு, 'கனமானவர்களை இறக்கி வையுங்கள்'. அதில் வருவதை அப்படியே தருகிறேன்: "என் நண்பர் ஒருவருக்கு ஓர் அக்கா. அவர் மருத்துவமனையில் கிடந்தபோது கட்டிலருகே நீல நிறக் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். கண் விழித்த அவர் முதலில் பார்த்தது அந்தக் கோப்பைத்தான். அன்பைக் கோப்பில் சேர்ப்பவர்கள் அதை ஒருநாள் உங்கள் முன் விரிப்பார்கள். அவர்களின் அழைப்பை எடுக்காதீர்கள்."

என் மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அலுவலகத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதை எழுதியது தன் மாமா என்று அவளுக்குத் தெரியாது. வெளியில் சொல்லக் கூடாது என்பது அவன் ஒப்பந்தம், நானும் காப்பாற்றினேன். அந்த ஞாயிறு காலை அவளே அழைத்தாள்.

"அம்மா, குறுக்க பேசாம கேளு. எனக்குக் கொஞ்ச நாள் தனியா இருக்கணும். நீ போன் பண்ணாத."

"என்னடி ஆச்சு? உடம்பு ஏதாவது…"

"பாத்தியா, உடனே உடம்பு! எனக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சு, எப்ப பல்லு வலிச்சுது, எல்லாம் தேதி போட்டு வச்சிருப்ப. பத்தாவதுல உனக்கு நான் எழுதின மன்னிப்புக் கடிதத்தக்கூட நீ தூக்கிப் போடலயேம்மா."

"அதுல உன் கையெழுத்து நல்லா இருந்துச்சுடி."

"அதேதான்மா. இந்தப் புக்ல அப்படியே இருக்கு. படிச்சப்போ உன் மூஞ்சிதான் வந்துச்சு."

படித்துக் காட்டினாள். நீலக் கோப்பு வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அடியே, அத எழுதினது…" என்று தொடங்கினேன். அதற்குள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் மணியே போகவில்லை.

மதியம் தம்பி சாப்பிட இறங்கி வந்தான். அவன் தட்டுக்குப் பக்கத்தில், கடைத்தெருவில் போய் வாங்கி வந்த அந்தப் புத்தகத்தை ஏழாம் அத்தியாயத்தில் விரித்து வைத்தேன்.

"என்னக்கா இது, ஏழாம் அத்தியாயமா? அது நீ இல்லக்கா. அது ஒரு கேரக்டர்."

"அந்தக் கேரக்டருக்கு நீலக் கலர் ஃபைல யாரு குடுத்தா?"

"அப்படி ஒரு விவரம் இருந்தாத்தான் படிக்கிறவனுக்கு நம்பிக்கை வரும்."

"ஊசிய விட்டுட்டியே. அது விவரம் இல்லையா?"

"அதப் போட்டா அத்தியாயம் நிக்காதுக்கா."

"புலவரே, அது உன் உசுரு!"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நம்ம பொண்ணு படிப்பான்னு நான் கனவா கண்டேன்?" என்றான்.

"மத்தவன் பொண்ணு படிச்சா பரவாயில்லையா?"

அப்போது அவன் போன் அடித்தது. பயிற்சியாளர். தம்பி வழக்கம்போல் உதட்டை அசைத்தான். நான் எடுத்தேன்.

"சார் குளிக்கிறாராம்மா? எப்பப் பாத்தாலும் தண்ணியிலயே இருக்காரே!"

"இல்லீங்க. எதிர்ல உக்காந்து சாப்பிடறான். உங்ககிட்ட பேசப் பயமா இருக்காம்."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "யாரு, அந்த ஃபைல் அக்காவா? உங்களப் பாக்கணும்னு எவ்ளோ நாளா ஆசைம்மா! மேடைல உங்களச் சொன்னா கைதட்டல் அடங்கவே மாட்டேங்குது." அதோடும் நிறுத்தவில்லை. "அடுத்து 'குடும்பமே பலம்'னு ஒண்ணு போடறோம். அம்மாவும் பொண்ணும் ஒண்ணு சேர்ற மாதிரி உருக்கமா ஒரு சம்பவம் வேணும்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க."

எந்தெந்த ஊர்களில் எத்தனை பேர் என்னைப் பார்த்துக் கைதட்டினார்களோ தெரியாது. அவர்களுக்கு ஊசி தெரியாது. அன்றைக்கு என் உடம்பு எரிந்தது போல் அதற்கு முன் எரிந்ததில்லை.

"என்னக்கா சொன்னாரு?"

"அம்மாவும் பொண்ணும் சேரணுமாம். உன்ன எழுதச் சொன்னாரு. எழுத வேணாம், அவளுக்குப் போன் போட்டுச் சொல்லு. நீதான் எழுதினேன்னு சொல்லு, ஃபைல் எதுக்குன்னு சொல்லு. நான் சொன்னா, அம்மா இன்னொரு காகிதத்த எடுத்துட்டு வந்துட்டான்னுதான் நினைப்பா. மாமா சொன்னா கேப்பா."

அவன் போனிலேயே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, அவன் கையில் கொடுத்தேன். இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

"மாமா? ஹலோ? சொல்லுங்க மாமா."

என் மகளின் குரல் மேசைக்கு மேலே கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் பேசினால் அவள் வைத்துவிடுவாள். தம்பி திரையையே பார்த்தான். அவன் நெற்றி வியர்த்தது. "மாமா, கேக்குதா?" என்றாள். அவன் கட்டைவிரலால் அழைப்பைத் துண்டித்தான். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினான்.

மறுநாள் காலை கடை திறந்தபோது, இயந்திரத்தின் மூடிமேல் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று இருந்தது. தம்பி எழுதியது. "அன்பு மகளே" என்று தொடங்குகிறது. முடிவில் "உன் அம்மா" என்று இருக்கிறது. என் பெயரில் என் மகளுக்கு அவன் எழுதிய கடிதம்! நான் கேட்காத மன்னிப்பை அதில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். "உன்னைக் கனமாக்கியது என் அன்பு" என்று ஒரு வரி. படித்தபோது எனக்கே கண் கலங்கியது; அதற்காக அவனை இன்னும் வெறுத்தேன். மேலே ஒரு துண்டுச்சீட்டு: 'அக்கா, இதை அனுப்பு. கண்டிப்பாக அழுவாள்.'

அனுப்பவில்லை. என் மகள் யாரோ எழுதியதைப் படித்து என்னை விட்டுப் போனாள். அதே ஆள் எழுதியதைப் படித்து அவள் என்னிடம் திரும்பி வர வேண்டாம்.

தம்பி, இதை நீ படிப்பாய். கடையில் அச்சாகும் எதையும் படிக்காமல் உன்னால் இருக்க முடியாது. உன் போனை இனி நான் எடுக்க மாட்டேன். உன்னைப் பேசச் சொல்லவும் மாட்டேன். உன்னால் முடியாது என்பதைக் கண்ணால் கண்டேன். உன்னால் முடிந்தது எழுதுவது. அதனால் எழுது. ஏழாம் அத்தியாயம் உன்னுடையது என்று எழுது. அந்த அக்கா அவளுடைய அம்மா என்று எழுது. ஊசியை எழுது, டாக்டர் சொன்னதை எழுது. ஒப்பந்தம் போனால் போகட்டும்; உனக்குச் சோறு போடுவது ஒப்பந்தம் இல்லை. உருக்கம் வேண்டாம். அடியில் பயிற்சியாளர் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். நம் அப்பா உனக்கு வைத்த பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடு.

அவளுக்கு அசல், எனக்கு ஒரு நகல். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். நகல் எடுக்க நீயே கீழே இறங்கி வா.