விளம்பரத்தைத் தாண்டியவன்

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக விழித்திருப்பது பிற்பகலில் கொஞ்ச நேரம்தான். அவள் துணித் தொழிற்சாலையில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள். விடியுமுன்னே போனால் மூன்று மணிக்கு வேனில் வந்து இறங்குவாள். அவன் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். அவள் வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது அவனுக்குக் கண் திறக்காது. இருந்த ஒரே மகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. இனி வீட்டில் பேச்சுத்துணை என்றால் இவளுக்கு அவன், அவனுக்கு இவள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் முந்தின இரவுச் சீரியலைப் பார்க்க வேண்டும். அவள் தூங்கியபின் வரும் சீரியலை வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்திருக்கும். காலை நீட்டி ஸ்டூலில் போட்டுக்கொண்டு அவள் உட்காருவாள். வீங்கின கால். பக்கத்தில் அவன். கதை சூடுபிடிக்கிற இடமாகப் பார்த்து விளம்பரத்தில் ஒருத்தி சோப்போடு வந்து நிற்பாள்.

"கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு அழறீங்களே, இவ வாய மூட வைக்க ஒரு வழி தெரியாதா?" என்றாள் அவள் ஒருநாள்.

"ரிமோட்ட அமுக்கு. ஓடிப்போயிடுவா."

"அமுக்கினா கதையும் சேந்து ஓடுது. நேத்து கதையில வீட்டுக்குப் போலீஸ் வந்ததே எனக்குத் தெரியாது."

ரிமோட் இருக்கும்போது இதற்கு என்ன மெனக்கெடல் என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் நாளெல்லாம் சட்டைக் கை தைத்துவிட்டு வந்து கட்டைவிரலால் எதையாவது அமுக்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

அவன் உட்கார்ந்துவிட்டான். கதை நின்று விளம்பரம் தொடங்கும் இடத்தில் திரை கண் சிமிட்டுகிற நேரத்துக்குக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பைத் தேடிப் பிடிக்க ஒரு புரோகிராம் எழுதினான். பிடித்ததை எங்கே குறித்து வைப்பது? அதற்குத்தான் ஒரு ஃபைல். படத்துக்கு என்ன பெயரோ அதே பெயரில், படத்தின் பக்கத்திலேயே கிடக்கும். உள்ளே வரி வரியாக மூன்று விஷயம்: எங்கிருந்து, எதுவரை, அங்கே என்ன செய்ய வேண்டும். படத்தை ஓட்டும்போது கம்ப்யூட்டர் அதைப் படித்து அதன்படி நடக்கும். ஒன்று என்று போட்டிருந்தால் தாண்டு. அவ்வளவுதான். எவன் திறந்து படித்தாலும் புரிய வேண்டும் என்பது அவன் பிடிவாதம்.

ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு 'ஏன்சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார்.

"ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கிற? விளம்பரத்த வெட்டி எறி. இடமும் மிச்சம்."

"வெட்டினா திரும்ப வராது சார். தையல்காரங்க எடுத்த உடனே கத்திரிய வைக்க மாட்டாங்க. சாக்பீஸால கோடுதான் போடுவாங்க. தப்புன்னா தட்டிவிட்டுடலாம்."

"உன் வீட்டம்மா சொல்லிக் கொடுத்ததா?"

"வேற யாரு?"

கோடு போட்டது நல்லதாயிற்று. முதல் வாரத்திலேயே சீரியலில் ஒரு வீட்டில் கரண்ட் போனது. திரை கறுத்தது. இவனுடைய புரோகிராம் அதை விளம்பரம் என்று நினைத்து ஒரே தாவாகத் தாவிவிட்டது. விளக்கு வந்தபோது மருமகள் மாமியாரின் காலைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஐயோ, ஏன் அழறா? மாமியார் உண்மையச் சொன்னாளா இல்லையா?"

"இரு, இரு." அவன் எழுந்து போய் ஃபைலில் அந்த ஒரு வரியை அழித்தான். போன காட்சி திரும்பி வந்தது. அன்றுமுதல் அவள் வேலைக்குப் போனபின் தினமும் ஒருமுறை ஓட்டிப்பார்த்து, புரோகிராம் போட்ட கோடுகளைக் கையால் திருத்தி வைப்பான். தூக்கத்தில் பாதி அதற்கே போயிற்று. கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. ஆனாலும் அவளுக்கு இனி எங்கும் தடங்கல் இல்லை. சீரியல் வழுக்கிக்கொண்டு ஓடும். முடிந்ததும் அவள் "அப்பாடா" என்று அங்கேயே சாய்ந்து தூங்கிவிடுவாள். அவன் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போவான். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அவனுக்கு ஒரு நிம்மதி. ஏன்சார்கூடத் தன் வீட்டுக்கும் அந்தப் புரோகிராமை வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் வேன் வாசலில் நின்றது. வேனை ஓட்டுகிறவன் அவளுடைய தம்பிதான். அவள் இறங்கி உள்ளே போனதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"மாமா, அக்காவுக்குத் தலசுத்தல் இப்ப பரவாயில்லயா?"

"என்ன தலசுத்தல்?"

"போன வாரம் மிஷின் மேலயே சாஞ்சிட்டாங்களே! அதுக்கப்புறம் மிஷின்ல விடறதில்ல, நூல் வெட்டுற மேசையில உக்கார வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. தம்பி போய்விட்டான். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு வேன்காரன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளே அவள் முகம் கழுவிவிட்டு, காலை ஸ்டூலில் போட்டாயிற்று.

"மிஷின்ல சாஞ்சியாமே?"

"போட்டுக் கொடுத்துட்டானா? அவன் வாய்ல எதுதான் நிக்கும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது?" அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா. "கதை ஓடும்போது பேசினா உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. அந்த சோப்புக்காரி வரும்போதுதான் எதையாவது சொல்லிட்டிருந்தேன். அவளத்தான் துரத்திட்டீங்களே."

"சீரியல் முடிஞ்சப்புறம் சொல்லலாமே?"

"முடிஞ்சப்புறம் நான் எங்க முழிச்சிருக்கேன்?"

எண்ணிப் பார்த்தால், மகளுக்கு மசக்கை என்று அவள் சொன்னது ஒரு பல்பொடி விளம்பரத்தில். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வாரோ என்று இரண்டு பேரும் பயந்தது ஒரு டயர் விளம்பரத்தில். அவன் ஃபைல் அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் விளம்பரத்தோடு சேர்த்தே தாண்டிவிட்டது. அவனுக்கும் அசதிதான், அதனால் அவனும் கவனிக்கவில்லை.

அந்தச் சோப்புக்காரியைத் திருப்பிக் கூப்பிடுவதா? அதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் கோடுகளைத் திருத்த உட்கார்ந்தவன், புதிதாக ஓர் அடையாளம் சேர்த்தான். ஒன்று என்றால் தாண்டு. இரண்டு என்றால் தாண்டிவிட்டு நில். யாராவது பட்டனை அமுக்கும்வரை நின்றுகொண்டே இரு.

ஆபீஸில் ஏன்சார் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த ரெண்டு ஏன்? யாருக்குத் தேவைப்படும்?"

"என் வீட்டுக்கு" என்றான். அந்த ஒருமுறை அவர் மேற்கொண்டு ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் பிற்பகல் மருமகள் கதவைத் திறக்கப்போகும் இடத்தில் படம் அப்படியே நின்றது.

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. நிறுத்தி வச்சிருக்கேன். சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"தலசுத்தல்."

"இன்னிக்கு இல்ல." அவள் ஸ்டூலில் காலை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "நூல் வெட்டுற மேசையில எல்லாம் சின்னப் பொண்ணுங்க. என்னைய அங்க உக்கார வச்சதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

அவன் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். லீவு சொல்லிட்டேன்."

"சீரியல்?"

"அது எங்க போகுது? நிக்கும்."

திரையில் மருமகளின் கை தாழ்ப்பாளில் இருந்தது. அவன் ரிமோட்டை எடுத்தான்.

"இருங்க, அமுக்காதீங்க" என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் தூங்கவில்லை. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."