பாராங் கத்தியும் ஒரு சுலபமான நடைபாதையும்

பெண் கேட்ட குற்றத்துக்காக அவளுடைய அண்ணன் என்னை மலையடிவாரத்தில் வெட்டிப் போட்டுவிடுவார் என்று நான் மெய்யாகவே நம்பினேன். இப்போது சிரிக்கலாம். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போவில், ஒரு டயர் கடையில் கரி பூசிய முகத்தோடு நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண், எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். அவளுக்கும் சம்மதம்தான். யாரோ ஒரு புண்ணியவான் அவள் வீட்டில், "அவன் குடிகாரன்" என்று ஓதிவிட்டான். நான் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கியதுகூடக் கிடையாது. அண்ணன் ஆள் அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளத்தாக்குப் பூங்காவுக்குத் தனியாக வர வேண்டுமாம்.

பூங்கா வாசலிலேயே பலகை: முதியவர்களும் குழந்தைகளும் நடக்கலாம். இருபுறமும் மலை, நடுவே ஓடை, அதையொட்டிக் கைப்பிடிக் கம்பி போட்ட சிமெண்டுப் பாதை. சீனக் கிழவிகள் கையை வீசி வீசி எங்களை முந்திப் போனார்கள். எனக்கோ ஒவ்வொரு மூங்கில் புதரும் பிணத்தை மறைக்கத் தோதாகத் தெரிந்தது. காரணம், அண்ணன் தோளில் தொங்கிய கோணிப்பையிலிருந்து பாராங் கத்தியின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், காத்து நல்லா இருக்குலா" என்றேன்.

"யாருக்கு யாருடா மச்சான்? வாய மூடிட்டு நட."

"பையில என்னண்ணே?"

"உனக்குத்தான். போனா தெரியும்."

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிழவியை ஒட்டி நானும் கை வீசி நடந்தேன். அவர் முறைத்தார். அண்ணனும் முறைத்தார். மரத்திலிருந்த குரங்குக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை.

ஓடை வளைகிற இடத்தில் அண்ணன் பாதையை விட்டிறங்கி, ஒரு பெரிய மரத்தடியில் பையை வைத்து, பாராங்கை உருவினார்.

"இங்க யாரும் வர மாட்டாங்க. இன்னைக்கு உன் வாயிலேர்ந்து உண்மைய வரவைக்கிறேன் பாரு. செருப்பக் கழட்டு."

சாகப்போகிறவனுக்குச் செருப்பு எதற்கு என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். கழற்றினேன். ஓடினேன். முதியவர்கள் நடக்கும் பாதையில் முதியவர்களை இடித்துக்கொண்டு, பஸ் நிற்குமிடம்வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

மறுநாள் அண்ணன் டயர் கடை வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார்.

"அந்த மரத்தடி முனியாண்டி கல்லு முன்னால தேங்கா வெட்டி, சூடம் ஏத்தி, குடிக்கிறதில்லன்னு அத அணைச்சு சத்தியம் பண்ண வைக்கத்தான்டா கூட்டிட்டுப் போனேன்! குடிக்காதவன் எதுக்குலா ஓடுறான்?"

"அண்ணே, நான் கல்லயும் பாக்கல, சூடத்தயும் பாக்கல. பாராங்கத்தான் பாத்தேன்."

"த்தூ!"

சூடத்துக்கு முன் நிற்காதவன் குற்றவாளி. தோட்டத்து ஆட்களிடம் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அடுத்த தை மாதம் அவளைத் தெலுக் இந்தானில் ஒரு லாரி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.